கடல் கடந்து கற்றவரும் கல்லூரி வகுப்பறையும்

நம் நாட்டில் ஆறு வயதுக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர முன்வருபவர் அதற்கென ஒரு பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு வருவோர்க்குக் கல்வியியற் பட்டம் வேண்டும். ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர் அறுபது பேரை எதிரில் வைத்துக்கொண்டு வெப்ப இயக்கவியலோ பொருளியலோ நடத்தவேண்டிய கல்லூரி ஆசிரியருக்கு, வகுப்பில் கால்வைக்கும் முன் அத்தகைய பயிற்சி எதுவும் கேட்கப்படுவதில்லை. பாடத்தில் உரிய பட்டமும் தகுதித் தேர்வில் வெற்றியும், அல்லது முனைவர் பட்டமும் இருந்தாற் போதும். கற்றவன் கற்பிப்பான் என்று நாம் நம்புகிறோம். அவன் கடல் கடந்து கற்று வந்தவன் என்றால் நம் நம்பிக்கை இரட்டிப்பாகிவிடுகிறது.

தலைநகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டு விவகாரம். சென்ற தலைமுறை தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி இங்கே வந்து இறங்கியது. அதன் பிள்ளைகள் இங்கிருந்து விமானம் ஏறினார்கள். அவர்களுள் ஒரு சாரார் திரும்பி வருகிறார்கள். பெற்றோரின் முதுமை, முடிந்துபோன அனுமதிச் சீட்டு, காரணம் சொல்லத் தெரியாத ஏக்கம் என்று அதற்குப் பல வழிகள் உண்டு. திரும்பி வந்தவன் என்ன செய்யப்போகிறான் என்று கேட்டால், "ஏதாவது ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவான்" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த 'ஏதாவது' என்ற சொல்லில் கற்பிக்கும் தொழிலைப் பற்றிய நம் மதிப்பீடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நான் கும்பகோணத்திலிருந்து வந்து 1971-இல் தில்லிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் விரிவுரையாளனாகச் சேர்ந்தவன். அன்று எனக்கு வழங்கப்பட்ட பயிற்சி ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டியும் ஒரு வருகைப் பதிவேடுமே. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தினேன். ஐயத்தை மாணவர்கள் இந்தியில் கேட்டார்கள். எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. பின்னாளில், 1990-களின் தொடக்கத்திலிருந்து, புதிதாகப் பணியில் சேர்ந்த கல்லூரி ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் வருகை தரும் உரையாளனாகப் பல ஆண்டுகள் பங்கு கொண்டேன். அங்கே வந்தவர்களில் அயல்நாட்டில் கற்று, அங்கேயே தொழில் பார்த்துத் திரும்பியவர்கள் சிலர் இருந்தார்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

இப்பயிற்சி வகுப்புகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக் கழக மானியக் குழு அடுத்த ஆண்டிலேயே பல்கலைக் கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவத் தொடங்கியது. புதியவர்க்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. மற்றவர்க்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. 2015-இல் அவற்றின் பெயர் மாறியது. 2023-இல் மாளவியாவின் பெயரால் மறுபடியும் மாறியது. பொறியியல் துறையும் மருத்துவத் துறையும் இதில் முந்திக்கொண்டன. தொழில்நுட்ப ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் சென்னைத் தரமணியில் 1964-இலேயே தோன்றிவிட்டது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்க்கான தேசியப் பயிற்சி மையம் 1970-களின் நடுவில் அமைந்தது.

அயல்நாட்டிலிருந்து வருவோரை வரவேற்க அரசு எண்ணாமலும் இல்லை. வெளிநாட்டில் பயின்ற அறிவியலாளருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை தந்து, பல்கலைக் கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அமர்த்தும் 'அறிவியலாளர் குழுமம்' என்ற திட்டம் 1958-இல் தொடங்கியது. என் இளமையில் அவ்வாறு வந்தமர்ந்த ஓரிருவரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மேசை இருந்தது, ஆய்வு இருந்தது. வகுப்பு எடுக்கச் சொன்னபோதுதான் முகம் வாடியது.

அது ஏன் என்பதற்கு விடையை நான் கல்வியியல் நூல்களில் தேடும் முன் நன்னூலில் கண்டேன் என்று சொன்னால் மிகையாகாது. பவணந்தியார் தம் நூலின் பொதுப் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறியதை நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் கூறிய நான்கு உவமைகளை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கழற்சிக்காய் இட்ட குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை ஆகியவை அவை. கழற்குடம் இட்ட முறையில் காயைத் திருப்பித் தராது. மடற்பனை தன் மேல் ஏறவிடாது. தானாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பருத்திக் குண்டிகையில் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் அடைக்க முடியும், எடுப்பதும் அப்படியே. முடத்தெங்கு ஒருவர் கொல்லையில் வேர்விட்டு அடுத்தவர் கொல்லையில் காய் உதிர்ப்பது. இவற்றுள் முடத்தெங்கைத்தான் அயல்நாடு சென்ற நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் எடுத்துச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ, திரும்பி வந்தவர்களுக்குப் பொருந்துவது பருத்திக் குண்டிகைதான் என்று தோன்றுகிறது. இருபது ஆண்டுக்காலம் அழுத்தி அழுத்தி அடைத்தது உள்ளே இருக்கிறது. வாயோ குறுகலாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டு அம்மையாரின் மகன் இயந்திரப் பொறியாளன். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, ரயில் வண்டிகளின் சக்கரங்களும் அச்சுகளும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோர் ஆண்டு பணிபுரிந்தவன். தந்தை காலமானபின், தாயைத் தனியே விட மனமின்றி 2016-இல் திரும்பி வந்தான். மனைவியும் குழந்தையும் ஓராண்டு கழித்து வருவதாக ஏற்பாடு. தலைநகரை அடுத்த ஊரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். அவனுடைய பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானதே என்ற சான்றுத்தாளைக் கொடுத்த பிறகும், அதைக் கோப்பில் சேர்த்து முழுச் சம்பளம் போட அக்கல்லூரி அலுவலகம் எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. அவன் அதற்கு வருந்தவில்லை. முதல் பருவத்தின் நடுவில் மாணவர்கள் கல்லூரி முதல்வரிடம் சென்று, இவர் நடத்துவது புரியவில்லை, வேறொருவரை அனுப்புங்கள் என்று எழுதிக்கொடுத்ததுதான் அவனைச் சுட்டது. "மாமா, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்துப் புரியவில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். இந்த ஒன்றுதானே எனக்குத் தெரியும்?" என்றான். மறுபடியும் ஜெர்மனிக்கே போய்விடுகிறேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறான் என்பது பின்னர் எனக்குத் தெரிந்தது.

அவன் வகுப்பில் ஒருநாள் கடைசி வரிசையில் சென்று அமர்ந்தேன். அவனுடைய ஆங்கிலம் தெளிவானது. குரல் நல்ல குரல். ஆனால் கரும்பலகையில் அவன் எழுதிய ஒன்று, ஜெர்மானியர் எழுதும் முறைப்படி, மேலே நீண்ட கொம்புடன் இருந்தது. என் பக்கத்துப் பையன் அதை ஏழு என்று எழுதிக்கொண்டான். இரண்டரை என்பதற்கு 2,5 என்று காற்புள்ளி வைத்தான். அங்கே தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் வழக்கம். பையன் அதை இருபத்தைந்து என்று கொண்டான். சுமை மாறி மாறி ஏறி இறங்கும்போது உலோகம் எத்தனை சுற்றுக்குப்பின் முறியும் என்பதைக் காட்டும் வரைகோட்டை அவன் 'வோலர் வளைவு' என்றே சொன்னான். ஜெர்மனியில் அதுவே பெயர். இங்குள்ள பாடநூல்களில் அது ஆங்கில எழுத்துகள் இரண்டால் 'எஸ்-என் வளைவு' எனப்படும். நூலின் பின்னால் பெயர் அட்டவணையில் வோலரைத் தேடித் தேடி அந்தப் பையன் புத்தகத்தை மூடிவைத்ததை நான் கண்டேன். இவையெல்லாம் அற்பமான செய்திகள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் திருந்திவிடும். எழுதிக் கொடுக்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

அவ்வாண்டுக் கோடையில் நான் உரையாற்றச் சென்ற பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அவனும் வந்தான். பயிற்சி வகுப்புகளைப் பற்றி எனக்கு மயக்கம் ஏதும் இல்லை. பதவி உயர்வுக்கு இச்சான்றிதழ் கணக்கில் சேர்வதால், சான்றிதழுக்காகவே வந்து அமர்வோர் பலர். விரிவுரை முறையின் குறைபாடுகளைப் பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் இடைவிடாது விரிவுரை ஆற்றியதையும் கேட்டிருக்கிறேன். சமோசாவும் தேநீரும் வரும் நேரம் மட்டும் எல்லோர்க்கும் ஒருமுகமான கவனம் உண்டாகும். ஆயினும் அதில் ஒரு பகுதி பொன்னானது. நுண்பயிற்சி என்பார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் 1963-ஆம் ஆண்டளவில் டுவைட் ஆலன் என்பவரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய முறை அது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு கருத்தை எடுத்து, சிலரையே மாணவர்களாகக் கொண்டு நடத்த வேண்டும். கேட்டவர்கள் கருத்துச் சொல்வார்கள். உடனே திருத்திக்கொண்டு அதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டும்.

அவனுக்குக் கிடைத்தவை ஏழு நிமிடங்கள். உலோகச் சோர்வு என்பதை எடுத்துக்கொண்டான். சமன்பாட்டில் தொடங்கி வளைவில் முடித்தான். மாணவர்களாக எதிரில் அமர்ந்திருந்தவர்கள் பல துறை ஆசிரியர்கள். அவர்களுள் அல்வரிலிருந்து வந்த இந்தி விரிவுரையாளர் ஒருவர் எழுந்து, "சோர்வு என்கிறீர்களே, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பதினோர் ஆண்டில் தன்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி என்று பிறகு சொன்னான். மனிதச் சோர்வு ஓய்வில் தீரும். உலோகச் சோர்வு அப்படித் தீராது. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் மயிரிழை மயிரிழையாக முன்னேறும். வண்டியை ஓராண்டு நிறுத்திவைத்தாலும் அந்த விரிசல் மூடிக்கொள்ளாது. பெயரிலேயே மாணவனைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும் உவமை ஒன்று இருப்பது, அத்துறையிலேயே ஊறியவனுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று மாலை அவனிடம் அவனுடைய தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டேன். காலையில் போனதும் என்ன செய்வாய் என்று தொடங்கினேன். நாற்பது நிமிடம் கையில் தாளின்றிப் பேசினான். கேளா ஒலியை அச்சினுள் செலுத்தி, அது திரும்பி வருவதைக் கொண்டு உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பதைச் சொன்னான். பிரான்சில் வெர்சேய் அருகே 1842-இல் ரயில் எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து பலர் மாண்டதையும், அதன்பின் பிரஷ்ய ரயில்வேயில் வோலர் என்ற பொறியாளர் அச்சுகளைப் பல்லாயிரம் முறை வளைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்ததையும் சொன்னான். "இதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "இது பாடத்திட்டத்தில் இல்லையே, மாமா" என்றான்.

இங்கேதான் நம் பயிற்சி முறையின் மேல் எனக்குக் குறை. தொழில் பார்த்துவிட்டுக் கற்பிக்க வருபவனை நாம் வெறும் கையுடன் வந்தவனாக நடத்துகிறோம். பாட நோக்கங்களை எழுதக் கற்பிக்கிறோம். வினாத்தாள் அமைக்கக் கற்பிக்கிறோம். அவன் தோளில் தொங்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அவனும் அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிறான்.

மறுநாள் அதே பாடத்தை அவன் மறுபடி நடத்தினான். எல்லோர் கையிலும் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக முறியும்வரை வளைக்கச் சொன்னான். எண்ணிக்கொண்டே வளைத்தார்கள். இந்தி விரிவுரையாளருக்குப் பதினான்கில் முறிந்தது. வேறொருவரை இடையில் நிறுத்தச் சொல்லி, கம்பியை மேசைமேல் வைத்து, இரண்டு நிமிடம் 'ஓய்வு' கொடுத்துவிட்டு மீண்டும் வளைக்கச் செய்தான். அதற்குமேல் அதிகம் தாங்கவில்லை. அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி ஓர் அச்சுக்கோடு வரைந்தான். அன்று அவன் எழுதிய ஒன்றுக்குக் கொம்பு இல்லை.

இன்னொருவர் கதை வேறு விதமானது. பம்பாய் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இங்கிலாந்தில் புள்ளியியல் கற்று, ஓர் ஊராட்சியின் பொதுச் சுகாதாரப் பிரிவில் எட்டாண்டு பணிசெய்தவர். கணவர் வேலை காரணமாகத் தில்லிக்கு வந்து, ஒரு மகளிர் கல்லூரியில் வகுப்புக்கு இவ்வளவு என்ற கூலியில் பாடம் எடுத்தார். 2019-இல் நான் கடைசியாகப் பங்கு கொண்ட பயிற்சிக்கு அவர் வந்தபோது, வந்த நான்கு வாரத்துக்கும் அவருக்கு ஊதியம் கிடையாது. அவர் பாடம் நடத்தும் முறையில் பழுதில்லை. ஆங்கில மரபுப்படி, வினா எழுப்பி மாணவியரைப் பேசவைக்க முயன்றார். அவர்கள் பேசவில்லை. குறிப்புச் சொல்லாமல் கேள்வி கேட்கும் ஆசிரியைக்குப் பாடம் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெரும்பாலோர் இந்தி வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆங்கிலத்தில் தவறாகப் பேசி நகைப்புக்கு ஆளாவதைவிட மௌனம் மேல் அல்லவா?

பயிற்சியில் இதைப் பேசிய பிறகு அவர் ஒரு வழி கண்டார். வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள். பெயர் எழுத வேண்டாம். எந்த மொழியிலும் ஒரு கேள்வி. ஒரு தாளில் இந்தியில், "சராசரி மனிதர் எந்தத் தெருவில் இருக்கிறார்?" என்று எழுதியிருந்ததாம். குறும்பாகத்தான் எழுதியிருப்பாள். ஆனால் சராசரி மனிதன் என்ற கருத்தை 1835-இல் பெல்ஜிய நாட்டுக் கேட்லே முன்வைத்த நாளிலிருந்து அறிஞர்கள் வாதிட்டு வருவதும் அதுவே. அடுத்த வகுப்பில் அவர் ஒரு தையற்கடையைப் பலகையில் எழுதினார். தொழிலாளர் ஐவர், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய். முதலாளிக்கு 1,80,000 ரூபாய். ஆறு பேருக்கும் சராசரி 40,000 ரூபாய். அந்தக் கடையில் நாற்பதாயிரம் வாங்குபவர் யார்? ஒருவரும் இல்லை. அன்று மாணவியர் பேசினார்கள், இந்தியில் பேசினார்கள். அவருடைய பம்பாய் இந்தியைத் திருத்தவும் செய்தார்கள்.

துருக்கி நாட்டில் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1933-இல் இட்லரின் ஆட்சி யூதப் பேராசிரியர்களையும் தனக்கு ஒவ்வாதோரையும் பதவி நீக்கியபோது, இஸ்தான்புல் பல்கலைக் கழகம் அவர்களுள் பலரை அழைத்து வேலை கொடுத்தது. அவர்களுடைய புகழ் உலகறிந்தது. இருந்தும் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: முதலில் மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தலாம், ஏறக்குறைய மூன்றாண்டுக்குள் துருக்கி மொழி கற்று அதில் நடத்த வேண்டும், பாடநூலும் எழுதித்தர வேண்டும். எல்லோரும் அதை நிறைவேற்றிவிடவில்லை. சட்ட அறிஞர் எர்ன்ஸ்ட் இர்ஷ், பொருளியல் அறிஞர் பிரிட்ஸ் நாய்மார்க் போன்றோர் நிறைவேற்றிக் காட்டினர். நம் விதிகள் வேறு இடத்தில் கண் வைக்கின்றன. உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறு இடங்களுக்குள் வரும் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் தகுதித் தேர்வின்றியே உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறின. அவர் எங்கே படித்தார் என்பதை அவ்விதி கேட்டது. யாருக்குப் படிப்பிக்கப் போகிறார் என்பதைக் கேட்கவில்லை.

2022-இல் மானியக் குழு மற்றொரு கதவைத் திறந்தது. தொழிலில் பதினைந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ள வல்லுநரை, பட்டங்களை வற்புறுத்தாமல், பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல் குறித்த காலப் பேராசிரியராக அமர்த்திக்கொள்ளலாம் என்றது. நான் இதை மனமார வரவேற்கிறேன். கல்லூரிக்குள் தொழிற்சாலையின் எண்ணெய் வாசனை சற்று வரட்டும். ஆனால் அவ்வாறு வருபவரை முதல் நாளே அறுபது பேர் முன்னால் நிறுத்துவது அவருக்கும் மாணவர்க்கும் செய்யும் கொடுமை. வகுப்பெடுக்கும் முன் இரண்டு வாரமாவது வேண்டும். அதில் ஒரு வாரம் அவர் வேறொருவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் குறிப்பேட்டைப் பார்க்கட்டும். அதைவிடச் சிறந்த பாடநூலை நான் அறியேன். தினக்கூலி போல் வகுப்புக் கூலி பெறுவோர்க்கும் பயிற்சிக் காலத்தில் ஊதியம் தரவேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு கல்லூரி தன் ஆண்டு விழாப் பந்தலுக்குச் செய்யும் செலவைவிட மிகாது என்பது என் கணக்கு.

அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவன் அக்கல்லூரியிலேயே இருக்கிறான். மனைவியும் குழந்தையும் சொன்னபடி வந்து சேர்ந்தார்கள். அவனுடைய பழைய பையில் முறிந்த ஊக்கு, சைக்கிள் சங்கிலியின் கண்ணி, பாதியில் பிளந்த மிதிகட்டைத் தண்டு என்று ஒரு குப்பைக் களஞ்சியம் இருக்கிறது. மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை அவை. தன் கல்லூரிக்குப் புதிதாக வரும் தொழில் வல்லுநர்களை முதல் வாரம் அவனே தன் வகுப்பில் உட்கார வைக்கிறான். சம்பளம் ஜெர்மனியில் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். சென்ற தீபாவளிக்கு முன் பழைய தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. முன்னைவிட உயர்ந்த பதவி, குடும்பத்தோடு வரலாம் என்று. அம்மையார் அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் பெருமையும் அச்சமும் கலந்திருந்தன. பொங்கலன்று மறுபடி விசாரித்தேன். "இன்னும் பதில் எழுதவில்லை, அண்ணா. பருவத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறான்" என்றார்.